தெர்மாகோலைக் கழற்றாதே

சரவணா,

மீன்தொட்டி ஒழுகுவது நின்றுவிட்டது. வியாழக்கிழமை காலையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினேன். இன்று சனிக்கிழமை. நாலு மூலைக்கும் அடியில் செய்தித்தாள் போட்டு வைத்திருக்கிறேன், தாள் மொறுமொறுவென்று காய்ந்தே கிடக்கிறது. நேற்று நீ வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதிக் குடு நைனா, வாயால சொன்னதெல்லாம் செல்லாது" என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாயா, குத்திச் சொன்னாயா, எனக்குப் புரியவில்லை. எப்படியிருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். விலையும் நிபந்தனையும் கடைசியில் வரும். அதற்கு முன்னால் நீ என்ன சரக்கை வாங்குகிறாய் என்று தெரிந்துகொள். முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். சரக்கில் இருக்கிற குறையை வாங்குகிறவன் கேட்காமல் நானாகச் சொன்னது கிடையாது. இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இந்தத் தொட்டியை ஏன் வாங்கினேன் என்று உங்கம்மா ஐந்து வாரமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னேன், எதையும் அவள் நம்பவில்லை. உனக்கு உண்மையைச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து நீயும் ரேவதியும் நூம்பலில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தீர்களே, அன்று கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன சாமான் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பீரோ, அது நீ வாங்கியது. மேஜை, அதுவும் நீ வாங்கியது. உங்கம்மா, "கட்டில எட்துக்கினு போயேன்டா" என்றாள். "அது நைனா வாங்னதும்மா" என்றாய். "மிக்சி?" "அதுவும் நைனாது." குரலில் கோபம் துளி இல்லை. கடையில் இது யார் சரக்கு, அது யார் சரக்கு என்று பிரித்து அடுக்குவோமே, அப்படி இருந்தது. கோபப்பட்டிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எழுந்து கடைக்குள் போய் உட்கார்ந்தேன். நீ இந்த வீட்டிலிருந்து நான் கொடுத்த ஒரு பொருளும் இல்லாமல் போகப்போகிறாய் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் என்பதும் தெரியும். பதினைந்து வருஷமாகத் தெரியும். அன்று மத்தியானமே போனை எடுத்து, பழைய மீன்தொட்டி எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

ஆவடியில் ஒருத்தர் வீடு மாற்றிப் போகிறார், மூன்றடித் தொட்டி, ஸ்டாண்டு, மூடியோடு சேர்ந்த ஃபில்டர், எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார் என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் பால்கனியில் தொட்டிக்குள் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்கள். "தண்ணி நிக்குமா சார்?" என்றேன். "கல்லு மாதிரி நிக்கும்" என்றார் அந்த ஆள். ஒரு வாளி ஊற்றிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழைய அட்டைப்பெட்டியையே ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியைத் தட்டி, ஓரத்தை மோந்து பார்த்து வாங்குகிறவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி கேட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பார், என்னிடம் ஓட்டைப் பெட்டியைத் தள்ளியவன் எவனும் கிடையாது. அன்றைக்கு அந்த ஆளுடைய போன் அடித்தது, வேறு யாரோ தொட்டிக்குக் கேட்கிறார்கள் என்றார். உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் போன் தந்திரத்தை நானே எத்தனை பேரிடம் செய்திருக்கிறேன்! எழுதும்போதே எரிகிறது. அவசரப்படுகிறவனுக்குக் கண் தெரியாது என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் குறை, நானே உண்டாக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவப் போட்டால், தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னங்கரேல் என்று அழுக்கு, ஓரமெல்லாம் எலி கொறித்தாற்போல். எனக்கு என்ன தோன்றும் சொல்? தெர்மாகோலும் அட்டையும் விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். டிவி வந்தாலும் ஃபிரிட்ஜ் வந்தாலும் முதலில் அதைக் கழற்றி ஓரம் போடுகிற கை இது. பேக்கிங் போலிருக்கிறது, எடுக்காமல் விட்டிருக்கிறான் சோம்பேறி என்று ஆவடிக்காரனைத் திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். கடை முன்னால் இரும்பு ஸ்டாண்டின் மேல் தொட்டியை வெறுமனே வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். முக்கால் தொட்டி ஏறினபோது 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, விரலைச் சொடுக்கினாற்போல. அடிக்கண்ணாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கீறிவிட்டது. கொட்டிய தண்ணீர் அத்தனையும் நேராக அடுக்கிவைத்த அட்டைப்பெட்டிக் கட்டுக்குள் போய்ப் புகுந்தது. உங்கம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாயா, மீனுக்குப் பதிலா அட்டைய நீஞ்ச உட்டுகினு கீறே?" என்றாள்.

கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்க வேண்டுமாம். ஸ்டாண்டில் நெல்மணி அளவு மேடு இருந்தாலும் அந்த இடத்தில் மொத்தப் பாரமும் இறங்குமாம். அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்தத் தெர்மாகோல். முப்பது வருஷம் தெர்மாகோல் விற்றவனுக்குத் தெர்மாகோல் எதற்கு என்று தெரியவில்லை. என் கண்ணுக்கு அது எப்போதும் கழற்றிப் போடுகிற சாமான்தான், தாங்குகிற சாமான் இல்லை. சரவணா, இதை ரேவதி விஷயத்திலும் நினைவில் வை. அவள் தன் வீட்டிலிருந்து ஏதேதோ பழக்கம் கொண்டு வந்திருப்பாள். காலையில் அவங்கம்மாவுக்குப் போன் பண்ணுவது, சாப்பிட்டவுடன் பாத்திரம் தேய்க்காமல் அரைமணி உட்கார்ந்திருப்பது. உனக்கு அதெல்லாம் பேக்கிங் மாதிரி தெரியும். கழற்றிப் போட்டால் லேசாகும் என்று நினைப்பாய். எது மேலே சுற்றியது, எது அடியில் தாங்குவது என்று பாரம் ஏறினபிறகுதான் தெரியும். நான் உங்கம்மாவிடம் அப்படிக் கழற்றிப் போட்டது நிறைய. அவள் தையல் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள், தெரியுமா உனக்கு? நான்தான் நிறுத்தினேன். கடைக்கு ஆள் வேண்டியிருந்தது. அவள் கீறல் விடவில்லை என்றால் அது அவளுடைய கெட்டித்தனம். என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது குறை, அடிக்கண்ணாடி. அம்பத்தூரில் கண்ணாடி அறுக்கிறவனிடம் உடைந்த கண்ணாடியையே எடுத்துக்கொண்டு போய் அளவு காட்டினேன். கொண்டுவந்து வைத்தால் நீளத்தில் இரண்டு நூல் குறைவு. கால் அங்குலம்! திரும்பிப் போனேன். "அண்ணாத்தே, இதுக்கின்னா இவ்ளோ தூரம் வந்துகினு? சிலிக்கான ரொப்புனா அட்சிக்கும்" என்றான். "தண்ணி நிக்கணும்பா" என்றேன். "நிக்கும் நிக்கும், நீ ஏன் டென்சனாவற?" கல்லு மாதிரி நிற்கும் என்ற ஆவடிக்காரன் முகம் ஞாபகம் வந்தது. அங்கேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "புதுசா அறுத்துக் குடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். ஒரு மணி நேரம் என்னைக் கவனிக்காதவன் போல் இருந்தான். பிறகு கண்ணாடி வாங்க வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்து, "இன்னா தலைவரே, கண்ணாடி சரியில்லையா?" என்று கேட்க ஆரம்பித்ததும் பேசாமல் எழுந்து அறுத்துக் கொடுத்தான். இந்தத் தந்திரத்தை மட்டும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். சண்டை போடாதே, உட்கார். உட்கார்ந்திருக்கிறவனைப் போல் ஒரு வியாபாரியைத் தொந்தரவு செய்வது எதுவும் இல்லை.

மூன்றாவது, ஒட்டு. இதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஜன்னல் ஓரத்துக்குப் போடுகிற சிலிக்கான் ட்யூப் கடையில் இரண்டு மிச்சம் இருந்தது. எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்று அதையே போட்டு ஒட்டினேன். பழைய ஒட்டை அங்கங்கே சுரண்டினது போதும் என்று அதற்கு மேலேயே இழுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், மூலையிலிருந்து வேர்வை மாதிரிக் கசிகிறது. வெளிப்பக்கம் ஒரு பூச்சு பூசினேன். கசிவு பக்கத்து மூலைக்குப் போயிற்று. அங்கே பூசினேன். இந்தப் பக்கம் திரும்ப வந்தது. இப்படியே ஒரு வாரம் அது என்னை ஓடவிட்டது. உங்கம்மா ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து, "கட்டிப் போட்டுடு, சுளுக்கு மாதிரி சரியாய்டும்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் கொளத்தூர் போனேன். அங்கே தெரு முழுக்க மீன்கடைதானே, யாரையாவது கேட்கலாம் என்று. நாலு கடையில் புதுத் தொட்டியை விற்கப் பார்த்தார்கள். ஐந்தாவது கடையில் ஒரு அம்மா இருந்தாள், உங்கம்மா வயசு, முழங்கை வரைக்கும் ஈரம். நான் கொண்டுபோன ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதயா போட்ட? இதுல பூஞ்ச புடிக்காம மருந்து கலந்துகீது. மீன உட்டிருந்தீன்னா ரெண்டு நாள்ல மெதந்துகினு இருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒழுகினதே நல்லதாகப் போயிற்று. பிறகு, "பழைய ஒட்ட எட்த்தியா?" என்றாள். "அங்கங்க எடுத்தேம்மா." "அங்கங்கயா? பழைய சிலிக்கான் மேல புதுசு ஒட்டாதுபா. மேல ஒக்காந்துகினு இருக்கும், அவ்ளோதான். வெளிய பூசறதுலாம் வேஸ்ட்டு. மொத்தமா பிரி. பிளேடால ஒரு பொட்டு இல்லாம சொரண்டு. தொட்ச்சிட்டு மொதல்லருந்து ஒட்டு. ஒட்டிட்டு மூணு நாள் தொடாத." "மூணு நாளா?" "அவசரம்னா புதுசு வாங்கிகினு போ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் கடையிலேயே மருந்து கலக்காத ட்யூப் வாங்கிவந்து, நாலு நாள் சுரண்டினேன், சரவணா. கடையில் உட்கார்ந்து, யாராவது வந்தால் எழுந்து பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து சுரண்டினேன். எட்டு பிளேடு போயிற்று, இரண்டு விரலில் வெட்டு. சுரண்டுகிற வேலையில் கைக்குத்தான் வேலை, புத்திக்கு ஒன்றும் கிடையாது. அது பாட்டுக்கு எங்கெங்கோ போகும். அந்த அம்மா சொன்ன ஒன்றே ஒன்றைத்தான் நாலு நாளும் மென்றுகொண்டிருந்தேன். பழசு மேல புதுசு ஒட்டாது. நீ பத்தாவது பாஸ் பண்ணினபோது புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். காலேஜுக்குப் போனபோது போன். வேலைக்குச் சேர்ந்தபோது பைக். எல்லாவற்றையும் நீ கம்பெனி சாமானை ஓட்டுகிற மாதிரி ஓட்டினாய். வேலை முடிந்ததும் துடைத்து நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாய். நான் அதை ஒழுங்கு என்று நினைத்துப் பத்துப் பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். வெளியில் வெளியில் பூசிக்கொண்டே இருந்திருக்கிறேன். பழசை எடுக்கவே இல்லை.

அதை இப்போது எடுக்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் ஒரு தடவை நீ கேட்டது கிடையாது.

உனக்குப் பதிமூன்று வயது. கண்ணாடிக்கடையில் வீணாய்ப் போன துண்டுகளை வாங்கிவந்து நீயே ஒரு தொட்டி ஒட்டினாய். இரண்டு அடி இருக்கும். வீட்டுக்குள் இடம் இல்லை, கடை முன்னாலேயே வைத்துக்கொள் என்றேன். இரண்டு கோல்டு மீன், ஒரு கறுப்பு மீன், அதற்குக் கண் முட்டை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போனபிறகு, கடை திறந்து தண்ணீர் தெளித்து ஊதுவத்தி ஏற்றி வைத்திருக்கிறேன், இன்னும் போணி ஆகவில்லை. ஒருத்தர் வண்டியை நிறுத்தினார். திருவேற்காட்டில் புதிதாகச் சலூன் திறக்கிறாராம், தொட்டி வைத்தால் ராசி என்றார்களாம். "இது எவ்ளோ?" என்றார். விற்பது இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். ஆனால் முதல் ஆளிடம் இல்லை என்று சொல்லக்கூடாது, அன்றைக்கு முழுக்க இல்லை இல்லை என்றே போகும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதனால் வியாபாரிகள் செய்கிறதைச் செய்தேன். அவராகவே ஓடிப்போகிற மாதிரி ஒரு விலை சொன்னேன். தொட்டி முந்நூறு பெறும், தொள்ளாயிரம் என்றேன். மனுஷன் பேரம் பேசவில்லை. பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார்.

சொன்ன விலையை நீட்டுகிறவனிடம் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் வாக்கு போச்சு. அதுவும் போணிக் காசு. கையை நீட்டி வாங்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டேன். மீனை ஒரு கவரில் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு நல்ல வியாபாரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சாயங்காலம் நீ வந்தபோது சந்தோஷமாகத்தான் சொன்னேன். "டேய், மூணு தொட்டி வாங்கலாம்டா, தொள்ளாயிரத்துக்கு வித்துகீறேன்!" நீ அழவில்லை. காலி இடத்தைப் பார்த்தாய். உள்ளே போய் மீன் தீனி டப்பாவை எடுத்துவந்து, "அவரு எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டாய். பெயரோ தெருவோ நான் கேட்டு வைத்திருக்கவில்லை, போணிக்கு வருகிறவனிடம் யார் விலாசம் கேட்பார்கள். அன்றும் மறுநாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்தத் தீனி டப்பாவோடு திருவேற்காடு வரைக்கும் போய் ஒவ்வொரு சலூனாக எட்டிப் பார்த்தாய். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நோட்டுத்தாளைக் கிழித்து 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதி உன் சைக்கிளில் ஒட்டினாய். புத்தகப் பையில் ஒட்டினாய். தலையணையில் ஒட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "என் பையன் எமகாதகன்பா, எங்கிட்டயே போர்டு மாட்டிட்டான்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மன்னிப்பு அன்றைக்கே கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை. தகப்பன் பிள்ளையிடம் கேட்பதா என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். அது என் கடை முன்னால் இருந்ததே தவிர என் சரக்கு இல்லை. என்னுடையது இல்லாததற்கு நான் விலை சொன்னேன். தப்பு. இனிமேல் இதைச் சுற்றி வளைக்க மாட்டேன்.

நாலாவது குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சரக்கின் கணக்கு முடியாது. ஃபில்டர். தண்ணீரைச் சுற்றவிட உள்ளே விரல் நீளத்தில் ஒரு காந்தக் கட்டை இருக்கிறது. அது ஊசி மாதிரி ஒரு வெள்ளைக் கம்பியின் மேல் சுற்ற வேண்டும். அந்தக் கம்பி இரண்டாக உடைந்திருந்தது. தீக்குச்சி அளவு சாமான். கொளத்தூரில் எல்லாக் கடையிலும் ஒரே பதில். "அந்த மாடல் நின்னுபோச்சுண்ணா, செட்டா வாங்கிக்கோ." வேறு செட்டு இந்த மூடிக்குள் உட்காராது. மூடியை மாற்று என்றார்கள். மூடியை மாற்றினால் தொட்டியை மாற்று என்பார்கள். உடைந்தது தீக்குச்சி, மாற்றச் சொல்வது வீடு! போனில் ஆர்டர் போட்டேன். வந்தது இரண்டு மடங்கு பெரிசு. திருப்பி அனுப்பிவிட்டு வேறு போட்டேன். முதலில் வந்ததே திரும்ப வந்தது.

எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் நம்ம கோபாலிடம் போனேன், உனக்குத்தான் தெரியுமே. "மாமே, இத்தினிகாண்டு சாமானுக்கு நான் மிசின் ஓட்டணுமா? ஒரு டீக்குக் கட்டாது" என்றான். டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. துரு. எடுத்துக்கொண்டு போனால், "நீ ஸ்டீல்னு கேட்ட, நான் ஸ்டீல் குட்தேன். தண்ணிக்குள்ள ஊறும்னு சொன்னியா?" என்கிறான். பிறகு உடைந்த பழைய கம்பியைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். "ஏன் மாமே, உங்கூட்ல ஏர்கூலர் கீதா? அதுல தண்ணி ஏத்துற பம்புக்குள்ள இதே மாரி வெள்ளக் கம்பிதான் போவும்." ஓடிவந்து உங்கம்மா கூலரைப் பிரித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு நாள் அலைந்தது கொளத்தூர், ஆவடி, எஸ்டேட். சாமான் இருந்தது எங்கள் கட்டில் பக்கத்தில். உங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மீனுக்குத் தண்ணி சுத்தணும், நான் வேர்த்து ஊத்தணும். அப்டித்தான?" என்றாள். மறுநாளே கூலருக்குப் புதுப் பம்ப் வாங்கிப் போட்டுவிட்டேன். ஆனாலும் இதை அவள் சாகிறவரைக்கும் சொல்லுவாள், நீயும் கேட்கத்தான் போகிறாய்.

இவ்வளவையும் செய்துவிட்டு, நேற்று நீ வரும்போது நான் கடைக்குள் போய் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். உங்கம்மாதான் கூப்பிட்டுக் காட்டினாள். நீ குனிந்து, மூலை ஒட்டின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாய். "யாரு போட்டது?"

"நான்தான்டா."

"கோணயா கீது."

"கீது."

"மூணு நாள் உட்டியா?"

"நாலு நாள் உட்டேன்."

அடியில் குனிந்து பார்த்தாய். "தெர்மாகோல் போட்டுகீற, பரவால்ல" என்றாய். முதல் தடவை என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தில்தான் சொல்லியிருக்கிறேன். "நாளன்னிக்கி வண்டில ஏத்திக்கினு போ" என்றேன். "சும்மாவா?" "சும்மாதான்." நீ எழுந்து நின்றாய். "சும்மாலாம் வேணாம் நைனா. வெல சொல்லு."

எனக்கு விலை வரவில்லை. எந்தப் பொருளைக் காட்டினாலும் கண் மூடித் திறப்பதற்குள் விலை சொல்கிறவன், மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அதிகம் சொன்னால் நீ போய்விடுவாய், அன்று சலூன்காரரிடம் நான் அதற்குத்தான் அப்படிச் சொன்னேன். குறைத்துச் சொன்னால் பிச்சை போடுகிறேன் என்பாய். உள்ளேயிருந்து உங்கம்மா, "யோவ், புள்ளகிட்ட பேரம் பேசாத, சொல்லிட்டேன்" என்று கத்துகிறாள். "நீயே கேளுடா" என்றேன்.

"தொள்ளாயிரம்" என்றாய்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய், தொட்டியைப் பார்த்துச் சொன்னாய். இதற்கு ஆன செலவில் பாதிகூட இல்லை, அது வேறு. "சரி" என்றேன். அதோடு விட்டாயா? என் மகன்தானே. "சர்வீஸ் யாரு பாக்கறது? நானும் ரேவதியும் வேலைக்குப் போய்டுவோம். வாரா வாரம் தண்ணி மாத்தணும். வித்துட்டு ஓடிப்போற பார்ட்டிகிட்டலாம் நான் வாங்கறதில்ல" என்றாய். "நான் வரேன்டா" என்றேன். "எழுதிக் குடு" என்றாய். அதற்குத்தான் இவ்வளவும்.

இனி பேசி முடித்தது. மூன்றடித் தொட்டி, ஸ்டாண்டு, மூடி, கூலர்க் கம்பி போட்ட ஃபில்டர், அடியில் தெர்மாகோல், எல்லாம் சேர்த்து. தெர்மாகோலை யாரும் கழற்றக்கூடாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் நூம்பலுக்கு வந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவேன், பஸ் காசு என்னுடையது, சாப்பாடு உன்னுடையது. மீன் வாங்கக் கொளத்தூருக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவது, எந்த மீன் என்பது உன் இஷ்டம். யார் வந்து என்ன விலை கேட்டாலும் இது விற்பனைக்கு இல்லை, இதில் நான் வாய் திறக்க மாட்டேன். நாளைக் காலையில் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றினதும் வேறு யார் காசையும் தொடாமல் உட்கார்ந்திருப்பேன், நீ வருகிறவரைக்கும். விலை தொள்ளாயிரம் ரூபாய். உன் கையால் போணி.